முட்டைத்தாள்கள்

நமூலித் தீவு,
9 மார்ச் 1984

செத்தரேகி மச்சானுக்கு,

வந்து சேர்ந்தேன். மூன்று நாள் கப்பலில் இரண்டு நாள் வாந்தி. கரையில் கால் வைத்ததும் என் பெரியப்பா, அதாவது உங்கள் தாய்மாமா மோசேசே, என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கொசுவைப் படிச்சுப் படிச்சு நீயும் கொசு மாதிரியே ஆயிட்டியேம்மா" என்றார். ஊர்த் தலைவரே சொல்லிவிட்டதால் ஊர் முழுக்கச் சிரித்தது. எனக்கும் வேறு வழியில்லை, சிரித்தேன்.

பழைய கொப்பரைக் கிடங்கைக் கொடுத்திருக்கிறார்கள். வலை அடித்துச் சுத்தம் செய்துவிட்டேன். இனி உங்கள் கையில்தான் இருக்கிறது. நம் சுவா ஆய்வகத்து வெளியறைக் கூண்டுகளிலிருந்து கொசு முட்டைத்தாள்கள் பத்து அனுப்புங்கள். நன்றாகக் காயவைத்து, வழக்கம்போல் கடித உறைக்குள்ளேயே வைத்துவிடுங்கள். இங்கே தண்ணீரில் போட்டுப் பொரிக்க வைத்துக்கொள்கிறேன். வளர்ந்த கொசுக்களின் மேல் ரோஜா நிறப் பொடி தூவிப் பறக்கவிட்டு, எவ்வளவு தூரம் போகின்றன, எத்தனை நாள் வாழ்கின்றன என்று பார்க்க வேண்டும். சமோவாக்காரர்களுக்கும் டோங்காக்காரர்களுக்கும் இதே சோதனைக்கு இதே தாள்களைத் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். மே கடைசிக்குள் அவர்களுக்கும் அனுப்பிவிடுங்கள்.

ஊர்க் கூட்டத்தில் பெரியப்பா ஒரே கேள்விதான் கேட்டார். "இதுல காய்ச்சல் இருக்கா?"

ஐந்து வருஷத்துக்கு முன்னால் மூட்டுக்காய்ச்சல் சுவாவையே படுக்கவைத்ததே, அப்போது இந்த ஊர் கப்பலைப் பவளத்திட்டுக்கு வெளியிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியது. ஒருவருக்கும் வரவில்லை. அதை இன்னும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். நம்மிடம் இரண்டு அறை இருப்பதைச் சொன்னேன். உள்ளறையில் இருப்பவை அந்தக் காய்ச்சலின் வைரஸ் ஏற்றிய கொசுக்கள், வெளியறையில் இருப்பவை அந்த வைரஸ் பக்கமே போகாதவை, நான் கொண்டுவருவது வெளியறைக் கொசு என்றேன். "நம்ம பொண்ணு சொல்லுது" என்றார் பெரியப்பா. அத்தோடு கூட்டம் முடிந்தது.

பதிலைத் தீவுகளுக்குள் பேசிக்கொள்ளும் ரேடியோவில் சொல்ல வேண்டாம். போன வாரம் ஒரு பெண் புருஷனோடு ரேடியோவில் சண்டை போட்டாள், பத்துத் தீவும் கேட்டு இன்னும் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

வாசிதி

*

சுவா,
2 ஏப்ரல் 1984

மாமன் மகளே,

பத்துத் தாள்கள் இருக்கின்றன, எண்ணிக்கொள். ஒவ்வொன்றிலும் முந்நூறு முட்டைக்குக் குறையாது. மிளகைத் தூளாக்கி ஒட்டியதுபோல் கறுப்பாக இருப்பதெல்லாம் முட்டை, பழுப்பாக இருப்பது நான் சிந்திய தேநீர்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். போன டிசம்பரிலேயே சொன்னேன், நீ பிரிஸ்பேன் கூட்டத்துக்குப் போகிற அவசரத்தில் காதில் வாங்கவில்லை. வெளியறை மூன்றாம் கூண்டுப் பெண் கொசுக்கள் சரியாகக் கடிப்பதில்லை. பதினோரு வருஷமாக இந்தக் கூண்டுகளுக்குத் தீனி என் இடதுகைதான். நல்ல கொசு வந்து உட்காரும், ஊசியை இறக்கும், வயிறு சிவக்கக் குடிக்கும், போய்விடும். இவை குத்துகின்றன, எடுக்கின்றன, தள்ளிப் போய் மறுபடி குத்துகின்றன. ஏழெட்டு இடத்தில் குத்தியும் வயிறு நிறைவதில்லை. உள்ளறைக் கொசு கண்ணாடிக்குழாயில் இரத்தம் குடிக்கும்போது இப்படித்தான் தடுமாறும், உனக்கே தெரியும்.

"மச்சான், அதை எப்படி எழுதுறது? செத்தரேகியோட கைக்கு அரிச்சுதுன்னா?" என்று சிரித்தாய். சரி, நான் படித்தவன் இல்லை. சொல்லி வைத்தேன், அவ்வளவுதான்.

எழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னித்துக்கொள். கூண்டுத் துணி தைத்துத் தைத்து விரல் பிடித்துக்கொண்டது. மாமாவுக்கு என் வணக்கம் சொல்.

செத்தரேகி

*

நமூலித் தீவு,
21 மே 1984

மச்சானுக்கு,

முட்டைகள் பிரமாதம். பத்தில் ஒன்பது பொரிந்தன. ஏப்ரல் இருபதாம் தேதி முதல் தீனி. என் கையைக் கூண்டுக்குள் விடப்போனபோது பெரியப்பா முந்திக்கொண்டார். "வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு வீட்டுக்காரன்தான் முதல்ல போடணும்" என்று தன் கையை உள்ளே நுழைத்துக் கால் மணி நேரம் வைத்திருந்தார். கிடங்கு வாசலில் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மே ஐந்தாம் தேதி நானூறு கொசுக்களைப் பொடி தூவிப் பறக்கவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பாதிரியாரின் வெள்ளைச் சட்டையில் ரோஜா நிறத்தில் ஒன்று வந்து உட்கார்ந்தது, பிரசங்கம் பாதியில் நின்றுவிட்டது.

சிரித்த கதை இவ்வளவுதான். இங்கே காய்ச்சல் வந்துவிட்டது மச்சான். ஏப்ரல் கடைசியில் பெரியப்பா படுத்தார். மழையில் நனைந்த காய்ச்சல் என்று நினைத்தேன். பிறகு பக்கத்து வீடு, அதற்குப் பக்கத்து வீடு. இன்றைக்குப் பதினான்கு பேர். சொறிபோல் தடிப்பு, முழங்கால் வீக்கம், கைவிரல் மடங்காமை. சந்தேகமே இல்லை, மூட்டுக்காய்ச்சல். எனக்கு ஐந்து வருஷத்துக்கு முன்பே வந்துபோனதால் தப்பித்தேன். பெரியப்பாவால் வலையைப் பிடித்து இழுக்க முடியவில்லை. பெரியம்மா சோற்றைப் பிசைந்து கொடுக்கிறாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிடுகிறார்.

ஏப்ரல் முதல் வாரக் கப்பலில்தான் யாரோ கொண்டுவந்திருக்க வேண்டும். ஊர் இப்போது கப்பலை மறுபடியும் நிறுத்திவிட்டது. தபால் பையை மட்டும் படகில் இறக்குகிறார்கள். யாரும் வரக்கூடாது, யாரும் போகக்கூடாது. என்னையும் சேர்த்துத்தான்.

குடுவையில் பனிக்கட்டி போட்டு இரண்டு பொட்டலம் அனுப்புகிறேன். ஒன்றில் தீவுக் கொசு, இன்னொன்றில் பொடி தூவியவற்றில் திரும்பப் பிடித்தவை. இரண்டையும் பரிசோதித்து உடனே எழுதுங்கள்.

வாசிதி

*

சுவா,
11 ஜூன் 1984

டாக்டரம்மாவுக்கு,

குடுவை வந்தது. பனிக்கட்டி உருகிப்போயிருந்தது. எதுவும் செய்ய முடியவில்லை. கப்பலில் வந்த காய்ச்சலாகத்தான் இருக்கும்.

மாமாவின் கைக்குத் தேங்காயெண்ணெய் சூடுகாட்டித் தடவச் சொல்லவும்.

செத்தரேகி

*

நமூலித் தீவு,
30 ஜூன் 1984

மச்சானுக்கு,

பதினோரு வருஷத்தில் நீங்கள் எனக்கு நான்கு வரியில் கடிதம் எழுதியதில்லை. திட்டினால்கூட இரண்டு பக்கம் திட்டுவீர்கள். டாக்டரம்மா என்று கூப்பிட்டதும் இல்லை.

இங்கே அடைந்து கிடப்பதால் யோசிக்க நேரம் இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரக் கப்பல் வந்தபோது பெரியப்பா ஊரிலேயே இல்லை. ஆளில்லாத மேற்குக் குட்டித்தீவில் தேங்காய் வெட்டிக்கொண்டிருந்தார். அது எனக்கு இந்த வாரம்தான் தெரிந்தது. பதினெட்டாம் தேதி ஊர் திரும்பினார். அன்றைக்குத் தீவில் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. இருபதாம் தேதி கூண்டுக்குள் கையை விட்டார். இருபத்தெட்டில் படுத்தார். அப்போது நான் ஒரு கொசுவைக்கூடப் பறக்கவிடவில்லை.

காய்ச்சல் கப்பலில் வந்த மனிதர்களால் வரவில்லை. நீங்கள் அனுப்பிய உறைக்குள் வந்தது.

உங்கள் ஏப்ரல் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். கூண்டுத் துணி தைத்தால் எழுத்து இப்படிக் கோணாது. உங்களுக்கும் வந்திருக்கிறது. ஐந்து வருஷத்துக்கு முன் சுவாவில் தப்பித்த ஒன்றிரண்டு பேரில் நீங்களும் ஒருவர், தெரியும்தானே எனக்கு.

வெளியறைக் கொசுவுக்கு வைரஸ் எங்கிருந்து வந்தது? என்ன செய்தீர்கள்? இங்கே முப்பத்தொன்பது பேர் படுத்திருக்கிறார்கள். ரொட்டிக்குக் கொட்டிய மாவு அப்படியே கிடக்கிறது, பிசையக் கை இல்லை. எனக்கு உண்மை வேண்டும்.

வாசிதி

*

சுவா,
14 ஜூலை 1984

வாசிதிக்கு,

எழுதுகிறேன். வலதுகை மணிக்கட்டைத் துணியால் கட்டிக்கொண்டு எழுதுகிறேன். படித்ததும் எரித்துவிடு.

போன வருஷம் மார்ச்சில் புயல் அடித்து ஆறு நாள் மின்சாரம் இல்லை. நீ பிரிஸ்பேனில் இருந்தாய். உள்ளறைக்கு மட்டும் ஜெனரேட்டர் வைத்தார்கள், வைரஸ் இருக்கிறதே என்று. வெளியறையில் புழுக்கம். மூன்றாம் நாள் எறும்பு வேறு ஏறிவிட்டது. நான்கு கூண்டும் போயிற்று, ஒன்றுகூட மிஞ்சவில்லை. அந்த வருஷமே ஆய்வைச் சுருக்கலாமா என்று இயக்குநர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நேரம். கூண்டு காலி என்று தெரிந்தால் வெளியறையை மூடுவார்கள். வெளியறை இல்லையென்றால் தீனிபோடுகிறவன் எதற்கு?

உள்ளறையில் முட்டைத்தாள்கள் இருந்தன. நான் எடுத்துக்கொண்டுவந்து வெளியறையில் பொரிக்கவிட்டேன். பதிவேட்டில் எழுதவில்லை. அது என் தப்பு, மறைக்கவில்லை. ஆனால் எந்தத் தைரியத்தில் செய்தேன் தெரியுமா? தாய்க் கொசுவிடமிருந்து முட்டைக்குள் இந்த வைரஸ் போகாது என்று நீ எழுதியிருக்கிறாய். அச்சில் இருக்கிறது. அறுநூறு குஞ்சுகளைப் பரிசோதித்தாய், நான்தான் நசுக்கிக் கொடுத்தேன், ஒன்றில்கூட இல்லை. வேதத்தை நம்புவதுபோல் அதை நம்பினேன்.

அது ஐந்தாம் தலைமுறை. இப்போது உள்ளறையில் முப்பது தாண்டிவிட்டது. நடுவில் நீ ஒரு முட்டையைக்கூடத் திரும்பப் பார்க்கவில்லை. நான் தினமும் பார்த்தேன். ஆரம்பத்தில் வைரஸ் ஏறிய கொசு பத்து நாளில் செத்துவிடும், முட்டையும் பாதிதான் இடும். போகப் போக ஒரு மாதம் வாழ ஆரம்பித்தது, முட்டையும் நிறைய. கொசு சீக்கிரம் செத்தால் வைரஸுக்கும் இடமில்லையே. கொசுவைக் கொல்லாமல் இருந்தவைதான் மிஞ்சி மிஞ்சி வந்திருக்கின்றன. வாடகைக்கு வந்தவன் கூரையைப் பிடுங்காமல் இருக்கப் பழகினான், பிறகு பிள்ளைகுட்டியோடு தங்கிவிட்டான். கொசுவிடம்தான் அந்தச் சாது குணம். நம் மூட்டில் கொஞ்சமும் குறையவில்லை.

உன் குடுவையில் பனிக்கட்டி உருகவில்லை. பரிசோதித்தேன். பொடி தூவியவை எட்டு, அதில் மூன்றில் இருந்தது.

சமோவாவுக்கும் டோங்காவுக்கும் ஜூன் இரண்டாம் தேதியே தாள்கள் போய்விட்டன. என் மூட்டுவலிக்கும் மூன்றாம் கூண்டுக்கும் சம்பந்தம் இருக்குமென்று அப்போதே மனதில் உறுத்தியது. உறுத்தியும் உறையை ஒட்டினேன். செப்டம்பரில் பறக்கவிடுவார்கள்.

இயக்குநரிடம் சொல்லச் சொல்வாய். முடியாது வாசிதி. நீ வேறு ஊரில் வேறு வேலை பார்ப்பாய், பெயருக்குப் பின்னால் எழுத்து இருக்கிறது. எனக்கு இந்த இடதுகை மட்டும்தான் இருக்கிறது.

செத்தரேகி

*

நமூலித் தீவு,
28 ஜூலை 1984

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை எரிக்கவில்லை. மூன்று நாள் கிடங்குக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பத் திரும்ப அந்த ஒரு வரிதான். போகாது. எத்தனை உறுதியாக எழுதியிருக்கிறேன். இதுவரை போகவில்லை என்று எழுதியிருந்தால் போதும். மாறிக்கொண்டே இருக்கிற ஒன்றைப் படிக்கிறவள், ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு முடித்துவிட்டேன். உங்கள் கை சொன்னதையும் சிரித்துத் தள்ளினேன். வெட்கமாக இருக்கிறது.

நான்காம் நாள், மன்னிப்புக் கேட்கும்போது கொடுப்பார்களே, அந்தத் திமிங்கலப் பல்லை அப்பாவின் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போனேன். எனக்காகப் பேச அப்பா இல்லை, பாதிரியார் பேசினார். நான் தலை குனிந்து வாசலோரம் உட்கார்ந்திருந்தேன். காய்ச்சல் என் உறையில் வந்தது, சுத்தமான கொசு என்று நான் சொன்னது பொய்யாயிற்று, ஊர் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றார். உங்கள் பெயரைச் சொல்லவில்லை.  பெரியப்பா பல்லை வாங்கிக்கொண்டார். வாங்கியதும் எல்லாரும் கை தட்டினார்கள். பெரியம்மா வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். நான் அழுதேன், அவளும் அழுதாள்.

தப்பித்தேன் என்று ஒரு நாள் முழுக்க நினைத்திருந்தேன். மறுநாள் சுகாதாரத் துறையின் படகு வந்து வெளியே நின்றது. மருத்துவர் ஒலிபெருக்கியில் காய்ச்சல் எப்படி வந்தது என்று கேட்டார். ஊரே தெரியாது என்றது. நான் வாயைத் திறந்தேன். பெரியப்பா என் தோளில் கையை வைத்தார்.

"புதைச்சாச்சும்மா. புதைச்சதைத் தோண்டுனா, வாங்குனவன் மூஞ்சியில துப்புன மாதிரி."

பல்லை வாங்கியபின் அந்தப் பேச்சை ஒருவரும் எடுக்கக்கூடாது. செய்தவளும் எடுக்கக்கூடாது. எனக்கு இது தெரியாதா? தெரியும், ஆனால் மன்னிப்பு மட்டும்தான் கண்ணில் பட்டது. மன்னித்துவிட்டார்கள் மச்சான், அதனால் என் வாயைக் கட்டிவிட்டார்கள். சமோவாவில் யாரோ ஒரு பெண் ஊர்க் கூட்டத்தில் நின்று, சுத்தமான கொசு என்று சொல்லிக்கொண்டிருப்பாள். நான் இங்கே சேப்பங்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் கட்டு உங்களுக்கு இல்லை. நீங்கள் பல் கொடுக்கவில்லை. நீங்கள் பேசலாம். வேலை போகும், அதற்கு நான் ஈடு சொல்ல முடியாது. கேட்கிறேன், அவ்வளவுதான். செப்டம்பருக்கு முன்னால் பேசுங்கள்.

வாசிதி

*

சுவா,
11 ஆகஸ்ட் 1984

வாசிதிக்கு,

உன் கடிதத்தை நான்கு நாள் பெட்டிக்கடியில் போட்டு வைத்திருந்தேன். உன் மேல் கோபம்தான். ஊரைத் தொலைத்துவிட்டு மன்னிப்பும் வாங்கிக்கொண்டு, மிச்ச வேலைக்கு என்னைத் தள்ளுகிறாளே என்று.

ஐந்தாம் நாள் தீனிபோடக் கையை உள்ளே விட்டேன். குத்துகின்றன, எடுக்கின்றன, மறுபடி குத்துகின்றன. மாமா கையை உள்ளே விட்டுக் கால் மணி நேரம் வைத்திருந்தார் என்று எழுதியிருந்தாயே, அதுதான் நினைவில் வந்தது. கையை எடுத்துவிட்டு நேரே இயக்குநர் அறைக்குப் போனேன்.

முதலில் நம்பவில்லை. "முட்டைல போகாதுன்னு டாக்டரம்மாவே எழுதியிருக்காங்களேப்பா" என்றார். உன் குடுவைப் பரிசோதனையைக் காட்டினேன், அப்புறம் மணிக்கட்டைக் காட்டினேன். உட்கார்ந்துவிட்டார். அன்று மதியமே சமோவாவுக்கும் டோங்காவுக்கும் தந்தி போயிற்று. டோங்காவில் தாள்கள் இன்னும் உறையிலேயே காய்ந்து கிடந்தனவாம், எரித்துவிட்டார்கள். சமோவாவில் பொரித்துப் புழுவாகியிருந்தன, வெந்நீர் ஊற்றிவிட்டார்கள். ஒன்றுகூட வெளியே பறக்கவில்லை.

வெளியறைக் கூண்டுகளை நானே குளிர்பெட்டியில் வைத்தேன். அடங்குவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. மாத முடிவோடு எனக்கு வேலை இல்லை. உன் கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லிக் கடிதம் வரும். விஷயம் செய்தியில் வந்துவிட்டது. தீவிலும் கேட்டிருப்பார்கள்.

நீ பயப்படாதே. நீ சொல்லித்தான் சொன்னேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே மனது உறுத்தியது என்றுதான் சொல்லியிருக்கிறேன். அதில் பொய்யும் இல்லை. உன் ஜூலைக் கடிதத்தை எரித்துவிட்டேன். மாமா கேட்டால், அவனாகத்தான் தோண்டினான் என்று சொல்லிவிடு. திட்டு எனக்கே இருக்கட்டும். நான் அந்த ஊரில் இருக்க வேண்டியவன் இல்லை, நீதான் இருக்கிறாய்.

செத்தரேகி

*

நமூலித் தீவு,
25 ஆகஸ்ட் 1984

மச்சானுக்கு,

நன்றி. அது போதாது. வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

செய்தியை ஊரே சேர்ந்து கேட்டது. ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை, ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. உங்களைத்தான் திட்டினார்கள். பெரியப்பாவின் அக்கா மகனே இப்படிச் செய்வானா என்று பெரியம்மா பாத்திரத்தைப் போட்டு உருட்டினாள். எனக்கு வழக்கத்தைவிட அதிகமாக மீன் வைத்தாள். நீங்கள் சொன்னதைச் சொல்ல வேண்டிய அவசியம்கூட எனக்கு வரவில்லை. பேசாமல் இருந்தாலே போதும், எல்லாம் உங்கள் தலையில் போய்விடும். இரண்டு நாள் பேசாமல் இருந்தேன் மச்சான். அந்த மீனையும் சாப்பிட்டேன். அதையும் உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாம் நாள் பெரியப்பா கூப்பிட்டனுப்பினார். அவர் மட்டும்தான் இருந்தார். பாயைக் காட்டி உட்காரச் சொன்னார். தந்தி போய்ச் சேர்ந்ததா, அங்கே யாருக்கும் வரவில்லையே என்று முதலில் கேட்டார். வரவில்லை, ஒன்றுகூட வெளியே போகவில்லை என்றேன். நல்லது என்றார். பிறகு கேட்டார்.

"செத்தரேகி தானாச் சொன்னானா, நீ சொல்லச் சொன்னியா?"

"நான்தான் சொல்லச் சொன்னேன் பெரியப்பா. கடிதம் எழுதிக் கேட்டேன்."

கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாக எழுந்து உள்ளே போனார். அப்பாவின் பல்லை எடுத்துவந்தார். விரல்கள் இன்னும் மடங்காததால் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத்தான் தூக்க முடிந்தது. குனிந்து என் மடியில் வைத்தார்.

"சரியாத்தான் செஞ்சே. ஆனா இதை இனி நான் வெச்சிருக்க முடியாதும்மா" என்றார்.

அன்று சாயங்காலத்திலிருந்து ஒருவரும் என்னோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் கிடங்கு வாசலுக்கு வருகிறது, வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கப்பல் செப்டம்பர் எட்டாம் தேதி. அன்றைக்கும் யாரையும் ஏற்றமாட்டார்கள் என்கிறார்கள்.

பல் என் மடியில்தான் இருக்கிறது. எங்கே வைப்பதென்று தெரியவில்லை மச்சான்.

வாசிதி